காஸ்டிங் (வார்ப்பிரும்பு) விரிசலை சூடு பண்ணாம ஒட்ட முடியுமா? முடியும், ஆனா அவசரப்பட்டா முடியாது

தம்பி, நீங்க கேட்டது இதான். சென்னை காசிமேட்டுல உங்க மாமாவோட மீன்பிடி போட்டுல, கியர்பாக்ஸ் ஹவுசிங்க (வெளிக்கூட்ட) போல்ட் போட்டு உக்கார வைக்கற ஒரு கால்ல விரிசல், கூடவே கடல் தண்ணி பம்போட பாடியிலயும் ஒரு கீறல் கசியுது. ஒரு வெல்டர் சாதா ராடுல ஒட்டி குடுத்தாரு, மறுநாளே பக்கத்துலயே விட்டுக்கிச்சு. இன்னொருத்தர் "காஸ்டிங்க நல்லா பழுக்க காய்ச்சிதான் ஒட்டணும், இல்லன்னா நிக்காது"ன்னு சொல்றாரு. மீன்பிடி தடைக்காலம் முடிய பத்து நாள்தான் இருக்கு, சூடு பண்ணாம ஒட்ட வழி இருக்கா?

வழி இருக்கு. நான் தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல இந்த வேலையில இருக்கேன், தடைக்காலம் 45 நாளா இருந்தப்பயும் பாத்தேன், ஏப்ரல் 15 லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளா ஆனப்புறமும் பாக்கறேன், கடைசி பத்து நாள்ல வர்ற வேலைங்கதான் அதிகமா கெட்டுப்போவுது. ஏன்னா காஸ்டிங்க சூடு பண்ணாம ஒட்டறதுன்னா சீக்கிரம் ஒட்டறதுன்னு நினைச்சுக்கறாங்க. அது தப்பு. சூடு பண்ணி ஒட்டறத விட இதுலதான் உக்காந்து காத்திருக்கற நேரம் ஜாஸ்தி.

முதல்ல பம்பு விஷயத்த முடிச்சிடறேன், ஏன்னா அதுல உங்க காச காப்பாத்தலாம். அந்த பம்பு பாடிய கழட்டி எடுத்து, தண்ணி ஓடற உள்பக்கத்துல ஒரு பழைய கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ வச்சு அழுத்தி சுரண்டுங்க. நல்ல காஸ்டிங்னா கத்தி வழுக்கும், ஒரு பளபளப்பான கோடு மட்டும் விழும். ஆனா வருஷக்கணக்கா உப்புத்தண்ணி ஓடின காஸ்டிங்ல சில சமயம் கத்தி சோப்புல இறங்கற மாதிரி இறங்கும், கறுப்பா பொடி வரும், அந்த பொடிய விரல்ல தேச்சா பென்சில் முனை மாதிரி வழவழன்னு கறை புடிக்கும். அது கிராஃபைட் தம்பி. காஸ்டிங்ல இரும்புக்கு நடுவுல செதில் செதிலா கிராஃபைட் இருக்கு, உப்புத்தண்ணி இரும்ப மட்டும் அரிச்சு எடுத்துட்டு கிராஃபைட்ட அப்பிடியே விட்டுடும். வெளியில பாத்தா உருவம் மாறாது, சைஸ் மாறாது, பெயிண்ட் அடிச்சா புதுசு மாதிரி இருக்கும், ஆனா உள்ள இரும்பே கிடையாது. அதுல எந்த ராடு வச்சாலும் ஒட்டாது, ஒட்டறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல. அப்பிடி இருந்தா வெல்டருக்கு ஒரு ரூபா குடுக்காதீங்க, வேற பாடி வாங்கிடுங்க, முடிஞ்சா கன்மெட்டல்ல (வெண்கல வகை) வாங்குங்க. நடுக்கடல்ல இன்ஜினுக்கு தண்ணி நின்னுடுச்சுன்னா என்ன ஆவும்னு உங்க மாமாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

இப்ப கியர்பாக்ஸ் கால். இதத்தான் ஒட்டலாம், ஒட்டணும், அதுவும் சூடு பண்ணாமதான் ஒட்டணும். பழுக்க காய்ச்சணும்னு சொன்னவர் பொதுவா சொன்னது சரிதான், அதுவும் ஒரு நல்ல முறைதான். பழைய மேஸ்திரிங்க குழி வெட்டி அடுப்புக்கரி போட்டு காஸ்டிங்க முழுசா உள்ள வச்சு 500, 600 டிகிரி வரைக்கும் ஏத்தி, அந்த சூட்டுலயே ஒட்டி, மணலுக்குள்ளயோ சுண்ணாம்புக்குள்ளயோ புதைச்சு வச்சு, மறுநாளோ அதுக்கு மறுநாளோதான் எடுப்பாங்க. அது நிக்கும். ஆனா உங்களோடது கியர்பாக்ஸ் ஹவுசிங், அதுல பேரிங் உக்கார்ற போர் (வட்ட ஓட்டை) இருக்கு, மூடி வந்து உக்கார்ற மெஷின் பண்ணின முகம் இருக்கு. அத கரிக்குழில வச்சு காய்ச்சினா போர் கோணிக்கும், முகம் பொருக்கு தட்டிடும், அப்புறம் லேத்துல ஏத்தி போரிங் போட்டு சரி பண்ற செலவுக்கு வேற ஹவுசிங்கே வாங்கிடலாம்.

இதுல ரொம்ப மோசமான வழி ஒண்ணு இருக்கு, அதத்தான் நிறைய பேரு பண்றாங்க. கேஸ் டார்ச்ச எடுத்து விரிசலுக்கு பக்கத்துல மட்டும் ரெண்டு நிமிஷம் காட்டி, "சூடு பண்ணியாச்சு"ன்னு சொல்லி ஒட்டறது. காஸ்டிங்க இழுத்தா நீளாது தம்பி, நூத்துல ஒரு பங்கு நீளறதுக்குள்ளயே உடைஞ்சிடும். அதுல ஒரு ஓரத்த மட்டும் சூடு பண்ணினா அந்த ஓரம் பெருக்கப் பாக்கும், மத்த இடம் குளிர்ச்சியா இறுக்கி புடிச்சிட்டு இருக்கும், ஆறும்போது அதே ஓரம் சுருங்க பாக்கும், திரும்ப மத்த இடம் விடாது. அந்த இழுபறில எது பலவீனமோ அது விட்டுடும். அதனால ஒண்ணு மொத்தமும் சூடா இருக்கணும், இல்லன்னா மொத்தமும் கை வைக்கற அளவுக்கு குளிர்ச்சியாவே இருக்கணும். நடுவுல நிக்கக்கூடாது. இந்த ஒரு விஷயத்த புடிச்சிட்டா மிச்சம் நான் சொல்றது எல்லாம் அதுலேந்து தானா வரும்.

சாதா ராடு ஏன் விட்டுச்சுன்னு சொல்றேன். நான் வேலைக்கு சேந்த புதுசுல, பதினெட்டு வயசு இருக்கும், ஒரு அக்கா கரும்பு ஜூஸ் மெஷினோட பக்கச்சட்டத்த ஆட்டோல ஏத்தி எடுத்துட்டு வந்தாங்க, மே மாசம். மேஸ்திரி இல்ல. நான் சாதா 6013 பத்து நம்பர் ராடுல (சாதா இரும்புக்கு போடற கனமான ராடு) ஆம்ப்ஸ நல்லா வச்சு ஒரே இழுப்பா இழுத்துட்டேன், பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு. ஸ்லாக்க (வெல்டு மேல படியற கசட) தட்டிட்டு டீ குடிச்சிட்டு இருக்கறப்ப "டிக்"னு ஒரு சத்தம். ஓட்டுல கல்லு விழுந்த மாதிரி சின்ன சத்தம். போய் பாத்தா வெல்டு அப்பிடியே இருக்கு, அதுக்கு பக்கத்துல ரெண்டு மில்லி தள்ளி புதுசா ஒரு விரிசல், வெல்டோட கூடவே கோடு போட்ட மாதிரி போயிருந்துச்சு. அந்த அக்காவுக்கு மூணு நாள் வியாபாரம் போச்சு, அதுவும் வெயில் காலத்துல. மேஸ்திரி வந்து திட்டல, உடைஞ்ச ஓரத்த என் கையில குடுத்து வெளிச்சத்துல பாக்க சொன்னாரு. காஸ்டிங் சாம்பல் நிறமா சொரசொரன்னு இருந்துச்சு, வெல்டு ஒட்டின ஓரத்துல மட்டும் நூல் கனத்துக்கு வெள்ளையா, பளபளன்னு, கண்ணாடி உடைஞ்ச மாதிரி ஒரு பட்டை. அரத்த குடுத்து அதுல தேய்க்க சொன்னாரு, அரம் வழுக்கிட்டு போச்சு. "இதான்டா உன் வெல்டு புடிச்சிருந்த இடம்"னு சொன்னாரு. அந்த வெள்ளைக்கோடு இன்னிக்கும் என் கண்ணுல இருக்கு.

அது எங்கேந்து வருதுன்னா, காஸ்டிங்ல கார்பன் ரெண்டரை லேந்து நாலு சதவீதம் வரைக்கும் இருக்கு, சாதா எம்எஸ் இரும்புல கால் சதவீதம் கூட வராது. காஸ்டிங் ஊத்தறப்ப மெதுவா ஆறுனதால அந்த கார்பன் கிராஃபைட் செதிலா பிரிஞ்சு அமைதியா உக்காந்திருக்கு. நம்ம ஆர்க் அடிக்கறப்ப அந்த ஓரம் உருகுது, கார்பன் எல்லாம் இரும்புல கரையுது, பக்கத்துல இருக்கற குளிர்ந்த காஸ்டிங் அந்த சூட்ட ஒரே இழுப்பா இழுத்துக்குது, கார்பன் திரும்ப செதிலா பிரிய நேரமே இல்லாம இரும்போடவே மாட்டிக்கிட்டு கெட்டியா ஆயிடுது. சாதா ராடுல ஊத்தற இரும்பும் அந்த கார்பன உறிஞ்சி தானும் அதே மாதிரி கெட்டியா ஆயிடும். அப்புறம் டிரில் பிட்டே இறங்காது.

நிக்கல் ராடுல என்ன நடக்குதுன்னா, நிக்கல் கார்பனோட சேந்து அந்த கெட்டியான பொருளா மாறாது, கார்பன திரும்ப கிராஃபைட்டாவே வெளிய தள்ளிடும். அப்பிடி கிராஃபைட் பிரியறப்ப கொஞ்சம் இடம் அடைக்கும், அதனால வெல்டு சுருங்கறதும் கொஞ்சம் குறையும். அதோட நிக்கல் மெத்துன்னு இருக்கும், சுத்தியால தட்டினா நசுங்கி நீளும். காஸ்டிங் பக்கம் அந்த வெள்ளைப்பட்டை முழுசா போயிடாது, அத புரிஞ்சுக்கோங்க, நிக்கல் ராடும் மந்திரம் இல்ல. நம்ம கை வேலையால அத நூலுக்கும் மெல்லிசா வச்சுக்கறோம், அவ்ளோதான்.

கடையில ரெண்டு விதமா கேப்பாங்க. முழு நிக்கல் ஒண்ணு, பாக்கெட்டுல ஈஎன்ஐ-சிஐன்னு போட்டிருக்கும். இன்னொன்னு பாதிக்கு பாதி நிக்கல், மிச்சம் இரும்பு, 55 சதவீதம் வாக்குல நிக்கல் இருக்கும், ஈஎன்ஐஎஃப்ஈ-சிஐன்னு போட்டிருக்கும். முழு நிக்கல் மெத்துன்னு இருக்கும், அப்புறமா மெஷின் பண்ண நல்லது, மெல்லிசு காஸ்டிங்குக்கு நல்லது. 55 ராடு பலம் ஜாஸ்தி, கனமான காஸ்டிங்குக்கும் பாரம் தாங்கற இடத்துக்கும் அது, விலையும் குறைவு. உங்க கியர்பாக்ஸ் காலுக்கு நான் 55 தான் சொல்லுவேன், பள்ளத்தோட சுவத்துல முதல் பூச்சு மட்டும் முழு நிக்கல்ல வச்சாலும் நல்லது. மண்ணடி, பாரிஸ் கார்னர் பக்கம் வெல்டிங் கடைங்கள்ல கேளுங்க, சில கடையில சில்லறையாவே எண்ணி குடுப்பாங்க. ஆனா சில்லறையா வாங்கறப்ப பாக்கெட் எவ்ளோ நாளா திறந்து கிடந்துச்சுன்னு கேளுங்க, நம்ம பக்கம் கடல் காத்துல ராடு ஈரத்த உறிஞ்சிடும், ஈர ராடுல வெல்டு ஓட்டை ஓட்டையா வரும். பாக்கெட்ல போட்டிருக்கற சூட்டுல காய வச்சுட்டு புடிங்க. சைஸு 12 நம்பர், அதாவது ரெண்டரை மில்லி. பத்து நம்பர்ல சீக்கிரம் முடியும்தான், ஆனா சூடு ஜாஸ்தி இறங்கும்.

எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ராடுல ஒட்டலாம்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாரு, நம்ம ஏரியால பாதி பட்டறைல அதான் நடக்குது. வேண்டாம். எஸ்எஸ்ல இருக்கற குரோமியம் காஸ்டிங்ல இருக்கற கார்பன தேடிப்போய் புடிச்சுக்கும், கெட்டியாயிடும். அதோட எஸ்எஸ் சூட்டுல பெருக்கறதும் சுருங்கறதும் காஸ்டிங்க விட ஒன்றரை மடங்கு. ஆறும்போது அது இழுக்கற இழுப்பு காஸ்டிங்க உரிச்சிட்டு வந்துடும். பளபளன்னு பாக்க நல்லா இருக்கும், ரெண்டு வாரம் கூட நிக்கும், அப்புறம் தோல் உரியற மாதிரி மொத்தமா கழண்டு வரும், வெல்டுக்கு அடியில காஸ்டிங்கோட ஒரு படலமே ஒட்டியிருக்கும்.

வேலைய எப்பிடி பண்ணணும்னு சொல்றேன். கியர்பாக்ஸ மொதல்ல போட்டுலேந்து செயின் பிளாக் போட்டு கரைக்கு எடுத்துடுங்க. இன்ஜின் ரூமுக்குள்ளயே ஒட்டிடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பில்ஜுல (போட்டோட அடிப்பள்ளத்துல) டீசலும் ஆயிலும் மிதக்குது, மரமோ ஃபைபரோ சுத்தி இருக்கு, ஒரு பொறி போதும். கழட்ட ஒரு நாள் ஆனாலும் பரவால்ல. ஹவுசிங்க காலி பண்ணி, பேரிங் எல்லாம் எடுத்துட்டு வெறும் கூடா ஆக்கிடுங்க. பேரிங்க எடுக்க முடியாதுன்னா எர்த் கிளாம்ப்ப விரிசல் இருக்கற காலுலயே மாட்டுங்க, தள்ளி எங்கயோ மாட்டினா கரண்ட் பேரிங் வழியா போய் குண்டுல பொட்டு பொட்டா அரிச்சிடும்.

அப்புறம் விரிசல் எங்க முடியுதுன்னு கண்டுபிடிக்கணும், கண்ணுக்கு தெரியற முனை உண்மையான முனை இல்ல. டை பெனட்ரண்ட் (விரிசல காட்டற சாயம்) ஸ்ப்ரே செட்டு கிடைச்சா அது, இல்லன்னா பழைய முறை. கிருஷ்ணாயில விரிசல் மேல நல்லா தடவி கால் மணி நேரம் ஊற விட்டு, துணியால சுத்தமா தொடைச்சு, சாக்பீஸ பொடி பண்ணி மெல்லிசா மேல தூவிட்டு பேசாம பாத்துட்டே இருங்க. உள்ள போன எண்ணெய் மெதுவா வெளிய வந்து வெள்ளைல ஒரு ஈரக்கோடா விழும். நாம நினைச்சத விட ஒரு விரக்கடை தள்ளிப்போய் முடியும், எப்பவும். அந்த முனையில, இன்னும் ஒரு மூணு மில்லி தாண்டி, 3 மில்லி பிட்டால ஒரு ஓட்டை போடுங்க. விரிசலோட கூர் முனைலதான் இழுவிசை எல்லாம் வந்து குமியும், முனைய வட்டமாக்கிட்டா ஓடறது நிக்கும். இத பண்ணாம ஒட்டினா நீங்க வெல்டு வைக்கறப்பவே முன்னாடி ஓடிட்டே இருக்கும்.

ஏற்கனவே வச்ச பழைய சாதா வெல்டு முழுசும் போவணும், ஒரு துளி கூட மிச்சம் வைக்கக்கூடாது, அந்த வெள்ளைப்பட்டையும் சேத்து. பக்கத்துல நல்ல சாம்பல் நிற காஸ்டிங் தெரியற வரைக்கும் எடுங்க. அப்புறம் விரிசல் நெடுக வி மாதிரி பள்ளம், நல்லா வாய் திறந்து, அடி கூர்மையா இல்லாம உருண்டையா. கிரைண்டர்ல எடுக்கலாம், ஆனா கிரைண்டர் தட்டு கிராஃபைட்ட இரும்பு மேலயே பூசிட்டு போயிடும், பாக்க பளபளன்னு சுத்தமா தெரியும், அதுலதான் வெல்டு ஒட்டாம உருண்டு ஓடும். அதனால கடைசியா கார்பைடு பர்ராலயோ (சுத்தற சின்ன வெட்டுமுனை) சொரசொரப்பான அரத்தாலயோ ஒரு கை தேச்சு முடிங்க.

கியர்பாக்ஸ் பல வருஷம் எண்ணெய்ல ஊறினது. தொடைச்சா போவாது. தின்னர்ல கழுவிட்டு, கேஸ் ஃபிளேம மென்மையா வச்சு, ஒரு இடத்துலயே நிக்காம அந்த பக்கம் முழுக்க அலைய விட்டு எண்ணெய் புகைஞ்சு வெளிய வர்ற வரைக்கும் காட்டுங்க, புகை நின்னதும் நிறுத்திடுங்க. இது ஒட்டறதுக்கான சூடு இல்ல, எண்ணெய எடுக்கறதுக்கு மட்டும், ஹவுசிங் திரும்ப முழுசா ஆறுனப்புறம்தான் ராடு. அப்பவும் முதல் பூச்சு ஓட்டை ஓட்டையாதான் வரும், அத பர்ரால எடுத்துட்டு திரும்ப வைங்க. இதுக்கு வருத்தப்பட வேண்டாம், முதல் பூச்சு மிச்ச எண்ணெய உறிஞ்சி எடுத்துட்டு போவுதுன்னு வச்சுக்கோங்க.

இப்பதான் ராடு. 12 நம்பருக்கு 50 லேந்து 70 ஆம்ப்ஸ், ஆர்க் அணையாம ஓடற அளவுக்கு எவ்ளோ கம்மியோ அவ்ளோ. ஆர்க்க பள்ளத்துக்குள்ளயே பத்த வைங்க, வெளிய காஸ்டிங் மேல உரசி பத்த வச்சா அங்க ஒரு கெட்டிப்பொட்டு விழுந்துடும். விரிசலோட உள்முனையில, அந்த ஓட்டை பக்கத்துல ஆரம்பிச்சு, திறந்த ஓரத்த நோக்கி வரணும், அப்பதான் சுருங்கறதுக்கு ஓரம் கொஞ்சம் விட்டுக்குடுக்கும். ஒரு இழுப்பு ஒரு இன்ச், அதுக்கு மேல ஒரு மில்லி வேண்டாம். அகலமா ஆட்டாதீங்க, நேர்கோடு. முடிக்கறப்ப சடார்னு ராட தூக்காம ஒரு நொடி பின்னாடி வந்து குழிய நிரப்பிட்டு தூக்குங்க, அந்த குழிலதான் நட்சத்திரம் மாதிரி விரிசல் ஆரம்பிக்கும்.

ராட தூக்கின அதே மூச்சுல ஹோல்டர கீழ வச்சிட்டு சுத்தி. உருண்டை மூக்கு சுத்தி, பட்டறைல பால்பெயின்னு சொல்லுவோம், அரைக்கிலோவுக்கு மேல வேண்டாம். ஓங்கி அடிக்கறது இல்ல, தட்டறது, வேகமா, நெருக்கமா, வெல்டு மேல இருக்கற அலை அலையான கோடெல்லாம் மறைஞ்சு அம்மைத்தழும்பு மாதிரி குழிகுழியா வர்ற வரைக்கும். வெல்டு சுருங்கி காஸ்டிங்க இழுக்கப் பாக்குது, நாம அத தட்டி அகலமாக்கி அந்த இழுப்ப எடுத்துடறோம். முதல் அரை நிமிஷத்துல பண்ணணும், சிவப்பு போனப்புறமும் சூடு இருக்கறப்பவே. ஆறிட்டப்புறம் தட்டினா பிரயோஜனம் இல்ல. ஒரு ஆளு ஒட்டவும் இன்னொரு ஆளு சுத்தியோட நிக்கவும் செஞ்சா இன்னும் நல்லது, நான் எப்பவும் ஒரு பையன பக்கத்துல நிக்க வச்சுப்பேன்.

அப்புறம் காத்திருக்கணும். இங்கதான் எல்லாரும் தோக்கறாங்க. வெல்டு வச்ச இடத்துக்கு பக்கத்துல உள்ளங்கைய வைங்க, பத்து எண்ணற வரைக்கும் கைய எடுக்காம வைக்க முடியணும். முடியலன்னா அடுத்த இழுப்பு கிடையாது. தண்ணி ஊத்தி ஆற வைக்கக்கூடாது, ஈரத்துணி கூடாது, கம்ப்ரஸர் காத்து கூடாது. நம்ம ஊர்ல குளிர்ன்ற பிரச்சனை இல்ல, ஆனா வெயில்ல கிடந்த இரும்பே கைய சுடும், அதனால நிழல்ல, விடிகாலைல ஆரம்பிங்க. அந்த நேரத்துல ரேடியோ போடாதீங்க, சத்தத்த கேளுங்க. "டிக்"னு கேட்டா நிறுத்திட்டு எங்கன்னு தேடுங்க, அது மேலயே பூசி மறைச்சிட்டு போவாதீங்க. அடுத்த இழுப்பையும் முன்னத ஒட்டியே வைக்காம தள்ளி வைங்க, ரெண்டு இழுப்போட முனை ஒரே கோட்டுல வராம பாத்துக்கோங்க. முதல்ல பள்ளத்தோட ரெண்டு சுவத்துலயும் தனித்தனியா ஒரு பூச்சு, அதுக்கப்புறம்தான் ரெண்டையும் சேக்கற இழுப்பு. அப்பிடி வச்சா சுருங்கற இழுப்பு பெரும்பாலும் நிக்கலுக்கும் நிக்கலுக்கும் நடுவுல போயிடும், காஸ்டிங்குக்கு பாரம் குறையும்.

கணக்கு போட்டு பாருங்க. உங்க விரிசல் அரை சாண் நீளம் இருக்கும்னு வச்சுப்போம், சுவர் ரெண்டுக்கும் சேத்து பத்து இழுப்பு, நிரப்ப ஒரு பதினஞ்சு இருபது இழுப்பு, ஒவ்வொண்ணுக்கும் ஏழெட்டு நிமிஷம் ஆறணும். மூணரை, நாலு மணி நேரம். அதுல ஆர்க் எரியறது மொத்தமே பத்து நிமிஷம் கூட இருக்காது. அரை மணில முடிச்சு தரேன்னு சொல்றவர்கிட்ட இந்த வேலைய குடுக்காதீங்க, அவரு நல்ல வெல்டராவே இருக்கலாம், எம்எஸ்ல தங்கமா ஒட்டலாம், ஆனா இது வேற வேலை. ஜன்னல காத்தோட்டமா வைங்க, நிக்கல் புகை நெஞ்சுக்கு நல்லதில்ல, மாஸ்க் போடுங்க.

இவ்ளோ பண்ணினாலும் நான் அந்த கால வெறும் வெல்டு மேல மட்டும் நம்பி கடலுக்கு அனுப்ப மாட்டேன். இன்ஜின் பாரமும் புரொபெல்லர் தள்ளறதும் அந்த கால்லதான் வருது. பத்து மில்லி எம்எஸ் தட்டு ஒண்ண காலோட வடிவத்துக்கு வெட்டி, விரிசலுக்கு ரெண்டு பக்கமும் டேப் போட்டு (மரை வெட்டி) போல்ட்ல முடுக்கிடுங்க. தட்ட காஸ்டிங்கோட வெல்டு வைக்காதீங்க, போல்ட்தான். டேப் போடற ஓட்டை உள்ள ஆயில் இருக்கற அறைக்குள்ள போயிடாம பாத்துக்கோங்க. காலோட அடிமுகத்துல ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வச்சு பாருங்க, கோணியிருந்தா தேச்சு சமமாக்கிட்டுதான் உக்கார வைக்கணும்.

சில பேரு பித்தளை ராடுல கேஸ்ல பத்து (பிரேசிங்) வைக்கலாமான்னு கேப்பாங்க. வேற சாமான்னா நல்ல முறைதான், காஸ்டிங் உருகாம பித்தளை மட்டும் உருகி புடிக்கறதால அந்த வெள்ளைப்பட்டை பிரச்சனை கிட்டத்தட்ட இல்ல, அடிபம்பு, வைஸ், ஜூஸ் மெஷின் எல்லாம் நான் அதுல பண்ணிருக்கேன். ஆனா அந்த இடம் 900 டிகிரி கிட்ட போவணும், உங்க போருக்கு அது ஆவாது. சூடே இல்லாத இன்னொரு முறையும் இருக்கு, மெட்டல் ஸ்டிச்சிங், விரிசல் நெடுக ஓட்டை போட்டு மரை போட்ட பின்னுங்கள ஒண்ணு மேல ஒண்ணு ஏறற மாதிரி முடுக்கி, குறுக்கால பூட்டுச்சாவி அடிச்சு தைக்கறது. கப்பல் இன்ஜின் பிளாக்குக்கெல்லாம் அப்பிடி பண்றாங்க, ஒரு டிகிரி சூடு கிடையாது. அத பண்ணத்தெரிஞ்ச ஆளு கிடைச்சா உங்க வேலைக்கு நான் வெல்டிங்க விட அதையே முதல்ல சொல்லுவேன்.

ஒட்டவே கூடாத சாமானும் இருக்கு, எந்த ராடுலயும். ஐஸ் ஃபேக்டரி அமோனியா கம்ப்ரஸர் பாடி, பிரேக் டிரம், சுத்தற ஃபிளைவீல். இதெல்லாம் வந்தா நான் திருப்பி அனுப்பிடுவேன், எவ்ளோ தெரிஞ்சவங்களா இருந்தாலும். பழைய சைலன்சர் மேனிஃபோல்டும் அப்பிடித்தான், ஆபத்துன்னு இல்ல, வருஷக்கணக்கா வெந்து வெந்து உள்ளவரைக்கும் துரு புடிச்ச காஸ்டிங்ல நிக்கல் ஒட்டாம முத்து முத்தா உருண்டு நிக்கும்.

கடைசியா, அந்த கால் ஏன் விட்டுச்சுன்னு பாத்தீங்களா? காஸ்டிங் சும்மா விடாது. அழுத்தினா நல்லா தாங்கும், இழுத்தாலோ முறுக்கினாலோதான் விடும். மவுண்டிங் போல்ட் ஒண்ணு லூசா இருந்திருக்கும், இல்லன்னா ஷாஃப்ட் லைன் கோணியிருக்கும். கியர்பாக்ஸ திரும்ப மாட்டினப்புறம் கப்ளிங் போல்ட்ட எல்லாம் கழட்டி, ரெண்டு ஃபிளேன்ஜுக்கு நடுவுல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) விட்டு மேல, கீழ, ரெண்டு பக்கமும்னு நாலு இடத்துல அளந்து பாருங்க, நாலும் ஒண்ணா வரணும். மேட்டுல ஏத்தி வச்சிருக்கறப்ப அளந்தது போதாது, தண்ணில இறக்கினதும் போட்டோட உடம்பு கொஞ்சம் மாறும், அதனால இறக்கி ஒரு நாள் விட்டு திரும்ப அளக்கணும். பத்து நாள் இருக்குன்னீங்க, கழட்ட ஒண்ணு, கழுவி விரிசல் பாக்க ஒண்ணு, ஒட்ட ஒண்ணு, தட்டு போட ஒண்ணு, மாட்ட ஒண்ணு, இறக்கி அளக்க ரெண்டு, நேரம் இருக்கு. இன்னிக்கு சாயங்காலமே பம்பு பாடிய கத்தியால சுரண்டி பாத்துடுங்க, கால்ல இருக்கற விரிசல் போல்ட் ஓட்டைய தொட்டிருக்கான்னும் சாக்பீஸ் போட்டு பாத்து எழுதுங்க, தொட்டிருந்தா ஓட்டைக்குள்ள ஒரு புஷ் (குழாய் மாதிரி உள்ளுறை) போடற மாதிரி வேலைய கொஞ்சம் மாத்தணும், அத அப்ப சொல்றேன்.